நரியோடைக் குழியும் மண்ணாங்கட்டியின் மீசையும்

“மண்ணு விஷயத்துல நான் ஒரு தரம் சொன்னா அது கல்வெட்டு. சொன்னதை நானே மாத்திச் சொல்ற நாள்னு ஒண்ணு வந்தா, அன்னிக்கு இந்த மூஞ்சில மீசை இருக்காது.”

2002ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு காலை நேரத்தில், திருவண்ணாமலை நரியோடைத் தெருவில், ஜோதியம்மாள் டீக்கடை வாசலில் நின்றுகொண்டு கோ. மண்ணாங்கட்டி இந்தப் பிரகடனத்தைச் செய்தார். ஒப்பந்தக்காரர் சின்னசாமி, அவருடைய பொக்லைன் ஓட்டுநர், ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர், ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஆகியோர் சாட்சி. வெள்ளைக்காரர் மௌன விரதத்தில் இருந்ததால் மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை. மற்றவர்கள் வாயில் வடை இருந்தது. ஆகவே பிரகடனம் ஏகமனதாக நிறைவேறியதாகக் கொள்ளப்பட்டது.

பணயம் வைக்கப்பட்ட மீசையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. ஆள் ஒல்லி. சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணிவிடலாம். ஆனால் மீசை மட்டும் வேறு யாருக்கோ அளவெடுத்துச் செய்து, தவறிப்போய் இவருக்கு வந்து சேர்ந்தது மாதிரி இருக்கும். கன்னத்தில் பாதி தூரம் போய், அங்கே கொஞ்சம் யோசித்து, பிறகு மேல்நோக்கித் திரும்பும். தெருமுனையில் அவர் திரும்பினால் முதலில் மீசை வரும். கொஞ்சம் பொறுத்து மண்ணாங்கட்டி வருவார்.

பெயரைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். அவருக்கு முன் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. இதையாவது எமன் ஒரு பொருட்டாக நினைக்காமல் விட்டுவிட்டுப் போகட்டும் என்று பெற்றோர் வைத்த பெயர் அது. எங்கள் மாவட்டத்துக் கிராமங்களில் அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு மண்ணாங்கட்டியாவது இருப்பார். எமன் ஏமாந்தான், பையன் தங்கினான். பிற்காலத்தில் அவன் மண்ணைப் பார்த்தே பிழைப்பான் என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்துதான் வைத்தார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டதுண்டு.

அந்தப் பிழைப்பு ஆரம்பித்தது 1989இல். அந்த வருஷம்தான் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது. தனி மாவட்டம் என்றால் தனிக் கலெக்டர், தனி அலுவலகங்கள், அந்த அலுவலகங்களுக்கு முன்னால் தனிப் பெயர்ப் பலகைகள். வேங்கிக்கால் பக்கம் எங்கே பார்த்தாலும் அஸ்திவாரம் தோண்டினார்கள். கோண ஏந்தல் கிராமத்திலிருந்து கூலிக்கு வந்து தோண்டியவர்களில் மண்ணாங்கட்டியும் ஒருவர். ஒருநாள் பழம்பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் துறை ஒன்றிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். எந்தத் துறை என்று சொன்னால் இன்னொரு துறை கோபித்துக்கொள்ளும். அதனால் துறை என்பதோடு நிறுத்திக்கொள்வோம். அளவு டேப்பின் மறுமுனையைப் பிடிக்க அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. மண்ணாங்கட்டி பிடித்தார். அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். அடுத்தவர் வந்தார், அவரும் போனார். டேப்பின் மறுமுனை மட்டும் மண்ணாங்கட்டியின் கையை விட்டுப் போகவே இல்லை.

தினக்கூலிதான். துறையில் அந்த வேலைக்குப் பதவிப் பெயர் கிடையாது. காலியாக இருந்த அந்த இடத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல் அவரே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்: குழி அதிகாரி.

கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் யார் ஆழமாகத் தோண்டினாலும் குழி அதிகாரி பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பழைய பானை ஓடோ, செங்கல் கட்டடமோ, எழுத்து வெட்டிய கல்லோ தலைகாட்டினால் விசில் ஊதி வேலையை நிறுத்திவிட்டு அதிகாரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். ஒரு குடை, ஒரு கொத்துக்கரண்டி, ஒரு விசில், இவ்வளவுதான் தளவாடம். ஓடுகிற பொக்லைனை நிறுத்தக்கூடியவை இந்த மாவட்டத்தில் மூன்றுதான்: கலெக்டர் உத்தரவு, டீசல் தீர்ந்துபோவது, மண்ணாங்கட்டியின் விசில். இவற்றில் கலெக்டர் உத்தரவு வந்துசேரக் கொஞ்சம் நாளாகும்.

விசில் ஊதியபின் அவர் குழியில் இறங்குவதை வேடிக்கை பார்க்கத் தெருவே கூடும். ஒரு சிட்டிகை மண் எடுத்து முகர்வார். விரலிடுக்கில் தேய்ப்பார். நுனிநாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். பிறகு தீர்ப்பு வரும். சரித்திர காலத்தை அவர் மூன்றாகப் பிரித்திருந்தார்: ஜாஸ்தி பழசு, கம்மி பழசு, உங்கப்பன் கொட்டினது. பதின்மூன்று வருஷத்தில் அவர் தீர்ப்பு ஒருமுறைகூடத் தவறியதில்லை. அதைச் சரிபார்க்கும் வேலைக்குத் துறையில் ஆள் போடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

இனி நரியோடை. நரியோடைத் தெருவில் நரியும் இல்லை, ஓடையும் இல்லை. மலையில் பெய்கிற மழை ஊருக்குள் இறங்கி ஏரிக்குப் போன பாதை அது. ஒரு காலகட்டத்தில் மேலே பலகைக்கல் போட்டு மூடினார்கள். மூடியதன்மேல் கடை கட்டினார்கள். கடைக்குக் கரண்டும் வாங்கியபிறகு ஓடை இல்லை என்று ஆகிவிட்டது. இந்த விவரத்தை ஓடைக்கு மட்டும் யாரும் தெரிவிக்கவில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் அது பழைய ஞாபகத்தில் வந்து, கடைகளுக்குள் நுழைந்து, மூட்டைகளை நனைத்துவிட்டுப் போகும். கடைசியில் தெரு நடுவில் ஆழமாகத் தோண்டிப் பெரிய சிமெண்டுக் குழாய் பதித்து ஓடையை அதற்குள் விட்டுவிடுவதென்று நகராட்சி முடிவு செய்தது. பழைய ஓடைக்கரை என்பதால் பழைய மனிதர்கள் எதையாவது போட்டு வைத்திருப்பார்கள். குழி அதிகாரி கூடவே நிற்கட்டும் என்று துறை சொன்னது. சின்னசாமி ஒப்பந்தம் எடுத்தார்.

வேறு ஊராக இருந்தால் குழியைத் தோண்டி, குழாயைப் போட்டு, மூடிவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே மாதம் ஒரு பௌர்ணமி வருகிறது. பௌர்ணமியன்று லட்சக்கணக்கில் ஜனங்கள் செருப்பில்லாத காலோடு மலையைச் சுற்ற வருவார்கள். பஸ் நிலையத்திலிருந்து வருகிற கூட்டத்தில் பாதி நரியோடைத் தெருவழியாகத்தான் போகும். திறந்த குழியை வைத்துக்கொண்டு யாரால் பதில் சொல்ல முடியும்? எனவே ஒவ்வொரு பௌர்ணமிக்கும் முன்னால் குழியை மூடுவார்கள். பௌர்ணமி முடிந்ததும் அதே குழியை மறுபடி தோண்டுவார்கள். தோண்டிய குழியையே தோண்டுவதற்கும் குழி அதிகாரி குடையோடு நின்றார். தோண்டும்போது மூடின மண் எது, அசல் மண் எது என்று குழம்பாமல் இருக்க அவரே ஒரு வழி சொன்னார். மூடுவதற்குச் சிவப்புக் கிராவல் மட்டும்தான் போட வேண்டும். ஓடையின் அசல் மண் கறுப்பு. சிவப்பு முடிந்து கறுப்பு வந்துவிட்டால் அசல் நிலம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இதைக் கேட்டுத் துறையின் புது அதிகாரி செழியன் பாராட்டினார். செழியனுக்கு முப்பது வயதுக்குள்தான். சென்னையில் படித்துவிட்டு முதல் வேலையாக இங்கே வந்தவர், நல்ல மாதிரி. ஐந்து இடங்களில் ஒரே நேரத்தில் நிற்க வேண்டிய உத்தியோகம் என்பதால் மண்ணாங்கட்டி சொல்வதை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அந்தப் பாராட்டின் சூட்டில்தான் மறுநாள் டீக்கடை வாசலில் மீசை பணயம் வைக்கப்பட்டது.

டீக்கடைக்காரி ஜோதியம்மாளுக்கு இன்னொரு தொழிலும் உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவள் கடை செருப்பு காப்பகமாகிவிடும். மலை சுற்றப் போகிறவர்கள் செருப்பை அவளிடம் விட்டுவிட்டு ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு போவார்கள். உடைந்துபோன ஒரு நீலப் பிளாஸ்டிக் குடத்தை வட்ட வட்டமாக வெட்டி, கம்பியைச் சுட்டு எண் போட்டு அவளே செய்த டோக்கன். எண்ணுக்கு இரண்டு: ஒன்று செருப்போடு இருக்கும், ஒன்று ஆளோடு போகும். ஆள் திரும்பியதும் இரண்டையும் சேர்த்துச் சுவரில் அந்த எண்ணுக்கான ஆணியில் மாட்டிவிடுவாள். புருஷன் போனபிறகு வருஷம் முழுவதும் அவளை நிறுத்தி வைத்திருந்தது டீ அல்ல, அந்தச் செருப்புகள்தான். அதிலும் கார்த்திகை தீபத்தன்று ஒருநாள் வருமானம் பல மாதத்துக்குத் தாங்கும். கடைக்குப் பட்டா கிடையாது. தெருவில் யாருக்குமே கிடையாது. எல்லோரும் ஓடையின் மேல்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஐப்பசிப் பௌர்ணமி வந்தது. வழக்கம்போலச் சிவப்புக் கிராவல் போட்டுக் குழியை மூடினார்கள். மதியம் மழை பிடித்துக்கொண்டது. கீழே ஓடை தன் வேலையைக் காட்ட, மூடின இடம் ஜோதியம்மாள் கடைக்கு எதிரே இடுப்பளவு உள்வாங்கியது. மழை விட்டதும் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. உள்ளே இறங்கிய சேற்றை மிதித்துக்கொண்டே ஜனங்கள் போனார்கள். சின்னசாமி யார் யாருக்கோ போன் போட்டார். கிராவல் கிடைக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு டிராக்டர் இரண்டு நடை கறுப்பு மண் கொண்டுவந்து கொட்டியது. கறுப்பு மண் வழுக்கும் என்று, மிச்சமிருந்த கிராவலை மேலே பரப்பிவிட்டார்கள். தெரு பார்ப்பதற்கு முன்போலவே ஆகிவிட்டது.

இவ்வளவும் நடந்தபோது குழி அதிகாரி இடத்தில் இல்லை. அன்னதான வரிசையில் இருந்தார். மூடின குழியில் பார்க்க என்ன இருக்கிறது என்பது அவர் வாதம்; அன்றைக்குப் போட்டதோ சாம்பார் சாதம். கையில் தொன்னையோடு அவர் திரும்பியபோது சிவப்புத் தரைமேல் சனம் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் ஒழுங்காக இருப்பதாக அவர் திருப்தியடைந்தார்.

அன்று மாலை ஜோதியம்மாள் கடையில் ஒரு தகராறு. சித்தூர் பக்கத்து ஆள் ஒருவர் நாற்பத்தேழாம் நம்பர் டோக்கனைத் தொலைத்துவிட்டுச் செருப்பு கேட்டார். அவர் தெலுங்கில் கோபப்பட, இவள் தமிழில் கோபப்பட, இரண்டு பேருக்கும் நன்றாகவே புரிந்தது. கடைசியில் வார் அறுந்து தைத்த அடையாளத்தைச் சரியாகச் சொல்லி அவர் செருப்பை வாங்கிக்கொண்டு போனார். ஜோடி இல்லாத நாற்பத்தேழு மட்டும் ஆணியில் தொங்கியது.

பௌர்ணமி கழிந்தது. பொக்லைன் வந்தது. சிவப்பு மண் வந்தது. கொஞ்சத்திலேயே சிவப்பு முடிந்து கறுப்பு வந்தது. கறுப்பு மண்ணோடு கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள் வந்தன. பிறகு, பெரிய தாழி ஒன்றின் விளிம்பு, மூன்று விரல் தடிமனில், பொக்லைனின் பல்லில் மாட்டிக்கொண்டு வந்தது.

அன்று ஊதிய விசில் பெரிய தேர் நிற்கும் இடம்வரை கேட்டதாகச் சொல்வார்கள். செழியன் வேங்கிக்காலிலிருந்து மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். மண்ணாங்கட்டி இறங்கினார், முகர்ந்தார், தேய்த்தார், நுனிநாக்கில் வைத்தார். அன்றைக்குக் கண்ணை வழக்கத்தைவிட அதிக நேரம் மூடியிருந்தார்.

“சார், இது அசல் நரியோடைக் கரை. கை படாத மண்ணு. ஜாஸ்தி பழசு.”

நிச்சயமாகத்தானா, மூடின மண்ணில் வந்ததில்லையே என்று செழியன் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். மண்ணாங்கட்டி மீசையை ஒருமுறை தடவிக் காட்டினார். பானை ஓடுகள் இரண்டாயிரம் வருஷத்துக்குக் குறையாதவை என்பதைச் செழியனே பார்த்துத் தெரிந்துகொண்டார். அது உண்மைதான். அவை எங்கே கிடைத்தன என்பதற்குத்தான் மீசை ஜாமீன்.

பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் தாழியின் விளிம்பைவிட மீசை அதிக இடம் பிடித்திருந்தது. சென்னையிலிருந்து பேராசிரியர் ஒருவர் தீபம் முடிந்ததும் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அதுவரை அந்த இடத்தைத் தொடக்கூடாது, ஓரத்தில் மட்டும் கொத்துக்கரண்டியால் மெதுவாகச் சுரண்டிப் பார்க்கலாம் என்று துறை உத்தரவிட்டது. இவ்வளவு கண்காணிப்பாக இருந்த ஆளை இன்னும் தினக்கூலியில் வைத்திருப்பது சரியல்ல என்று செழியன் மேலிடத்துக்கு எழுதினார். நிரந்தரம் என்ற சொல்லை வீட்டில் மனைவி தனத்திடம் மண்ணாங்கட்டி மெதுவாக, அது உடைந்துவிடக்கூடிய பொருள் மாதிரி சொன்னார்.

நகராட்சிக்கு வேறு கவலை. தீபத்துக்கு முன் வேலை முடிய வேண்டும். குழாய் தெரு நடுவில் போகக்கூடாது என்றால் சுற்றித்தான் போக வேண்டும். வளைத்தார்கள். வளைந்த கோடு நேராக ஜோதியம்மாள் கடைக்குள் போய் மறுபக்கம் வந்தது. ஒருநாள் காலையில் கடைச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி இருந்தது. அடுத்த வாரத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்றார்கள். தீபம் அதற்கும் பின்னால் இருந்தது.

அதே நாளில் குழியின் ஓரத்தை மண்ணாங்கட்டி சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு பானை ஓட்டை எடுத்தார். அதன் கீழே நீலமாக ஏதோ தெரிந்தது. துடைத்தார். வட்டமான பிளாஸ்டிக். கம்பியால் சுட்டுப் போட்ட எண்: நாற்பத்தேழு. கரண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியது. கறுப்பு மண் முடிந்து, மறுபடி சிவப்புக் கிராவல் வந்தது.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கிராவல் தெரிந்த இடத்தைக் கறுப்பு மண்ணால் மூடினார். குழியை மூடுவதில் அந்தத் தெருவுக்கே பழக்கம் இருந்தது.

அறிவியல் மனப்பான்மை உள்ள ஒருவர் இத்தகைய சந்தர்ப்பத்தில் உடனே முடிவுக்கு வந்துவிட மாட்டார். மண்ணாங்கட்டியும் வரவில்லை. எலி என்று ஒரு பிராணி இருக்கிறது. அது வளை தோண்டும். பளபளவென்று எதையாவது கண்டால் இழுத்துக்கொண்டு போகும். டோக்கனை எலி இழுத்துப்போயிருக்கும். சரி, சிவப்புக் கிராவல்? இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலும் மலை இருந்தது, பௌர்ணமியும் வந்தது. அந்தக் காலத்து ஜனங்களும் குழி தோண்டியிருப்பார்கள். பௌர்ணமிக்காகக் கிராவல் போட்டு மூடியும் இருப்பார்கள். இந்த ஆராய்ச்சி முடிவு அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. சில நாள்கள் அந்த எலிதான் அவரைக் காப்பாற்றியது.

ஆனால் டீ குடிக்க ஜோதியம்மாள் கடைக்குத்தான் போயாக வேண்டும். அவள் ஆணிகளிலிருந்து டோக்கன்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கே போவதாக உத்தேசம் என்று கேட்டார். தண்டராம்பட்டில் தங்கை வீடு இருக்கிறது என்றாள். அங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை என்றும் சொன்னாள். பிறகு டீயை ஆற்றிக்கொண்டே, கோபமில்லாமல், விலை கேட்கிற குரலில் கேட்டாள்:

“ஏண்ணா, அந்தச் சட்டி ஒடைஞ்சு ரெண்டாயிரம் வருஷம் ஆச்சுன்றீங்க. அதைக் கொஞ்சம்கூட நவுத்தக் கூடாதுன்றீங்க. நான் இன்னும் ஒடையாமதான் இருக்கேன். என்னை நவுத்தலாமா?”

குழி அதிகாரி சட்டைப் பையில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தனம் அவருடைய சட்டையைக் கல்லில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, கோண ஏந்தலுக்கு எதற்குப் போனீர்கள் என்று கேட்டாள். போகவே இல்லை என்றார் இவர்.

“அப்போ இந்தக் கறை எப்படி வந்துச்சு? இது நம்ம ஊரு ஏரிக் கறைங்க. எந்த சோப்புக்கும் போவாது. சின்ன வயசுல எங்க அண்ணன் டவுசரைத் தோய்ச்சு என் கையே தேஞ்சுது.”

குழியில் வேலை செய்தபோது பட்ட கறை என்று சொல்ல வாயெடுத்தார். அவள் நிறுத்தவில்லை. அண்ணன் வல்லரசு டிராக்டர் வாங்கியதிலிருந்து ஏரி மண்ணை யார் கேட்டாலும் கொண்டுபோய்க் கொட்டுகிறான், தாசில்தாருக்குத் தெரிந்தால் வண்டியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று பயமாக இருக்கிறது, போன பௌர்ணமிக்குக்கூட டவுனில் யாரோ சின்னசாமியாம், அவசரமென்று கூப்பிட்டானாம், இரண்டு நடை அடித்துவிட்டு வந்தானாம் என்று சொல்லிக்கொண்டே போனாள். சொல்லி முடித்தபிறகு அவளுக்கே ஏதோ உறைத்தது. சட்டையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

“ஏங்க, உலகத்து மண்ணையெல்லாம் நக்கிப் பார்த்துச் சொல்றீங்க. பொறந்த ஊரு மண்ணு தெர்லயா?”

எலி அந்த இடத்திலேயே உயிரை விட்டது.

இனி நிலைமையை உள்ளபடி பார்க்க வேண்டும். அது மூடின மண் என்று தெரிந்தவர் யார்? சின்னசாமி வாயைத் திறக்க மாட்டார். அனுமதியில்லாமல் எடுத்த ஏரி மண். வல்லரசு திறக்க மாட்டான், வண்டி போய்விடும். தனம் யாரிடமும் சொல்லப் போவதில்லை. ஆக, மண்ணாங்கட்டி சும்மா இருந்தாலே போதும். மீசை இருக்கும், கல்வெட்டு இருக்கும், நிரந்தரமும் வரலாம். டீக்கடை மட்டும் இருக்காது. அதை இடிப்பது நகராட்சி, இவர் இல்லை. வாதத்தில் எந்த ஓட்டையும் இல்லை. திங்கட்கிழமை காலை அவர் வேங்கிக்காலுக்குப் பஸ் ஏறினார்.

செழியன் மேஜைமேல் பேராசிரியருக்காக எடுத்த படங்கள் பரப்பியிருந்தன. மண்ணாங்கட்டி அவற்றின்மேல் நீல டோக்கனை வைத்தார். செழியன் பழக்கத்தில் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இது எந்தக் காலத்துது?”

“ஐப்பசிப் பௌர்ணமி, சார்.”

எங்கே கிடைத்தது என்று கேட்டார். பானை ஓட்டுக்கு அடியில் என்றார் இவர். செழியன் டோக்கனைப் படங்களின்மேல் திருப்பி வைத்தார். பிறகு, மெதுவாக, எலி ஏதாவது இழுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்றார்.

“அந்த எலியை நானும் நம்பிப் பார்த்தேன் சார். நேத்து செத்துப் போச்சு.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அடியில் மறுபடி வந்த கிராவலைச் சொன்னார். அன்னதான வரிசையைச் சொன்னார். மச்சான் டிராக்டரை மட்டும் ‘ஒரு டிராக்டர்’ என்று சொன்னார். ஓடுகள் அசல்தான், ஆனால் கோண ஏந்தல் ஏரிக்குச் சொந்தமானவை, நரியோடைக்கு இல்லை என்றார். பதின்மூன்று வருஷத்தில் அவர் சொன்னதிலேயே நீளமான தீர்ப்பு அது. நாக்கில் எதையும் வைக்காமல் சொன்னது.

செழியன் நாற்காலியில் சாய்ந்தார். பத்திரிகையில் அவர் பெயரும்தான் வந்திருந்தது. தீபம்வரை பொறுத்து, பேராசிரியர் வந்தபிறகு அவரே பார்த்துச் சொல்லட்டுமே என்று கேட்டார். உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிய காகிதம் இப்போதுதான் மேலே போயிருக்கிறது, இதுவும் பின்னாலேயே போனால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா என்றும் கேட்டார். மிரட்டவில்லை, உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டார்.

“தீபத்துக்கு அந்தம்மா கடை இருக்காது சார்” என்றார் மண்ணாங்கட்டி.

செழியன் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார். இருவரும் ஒரே வண்டியில் வந்தார்கள். அதிகாரி பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு குழியில் இறங்கி, கறுப்பு மண்ணை விலக்கி, கீழே இருந்த கிராவலைத் தன் கையாலேயே சுத்தம் செய்தார். கிராவலின் மேல் மழைச் சேற்றில் பதிந்த பாதங்கள் இருந்தன. செருப்பில்லாத பாதங்கள், பெரிதும் சிறிதுமாக, எல்லாம் மலைப்பக்கம் பார்த்து. பௌர்ணமியன்று மதியம் நடந்துபோனவர்கள். செழியன் அதற்கும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு நடந்தது எதுவும் சத்தமாக நடக்கவில்லை. சென்னைக்குச் செழியன் உள்ளது உள்ளபடி எழுதினார். கோண ஏந்தல் ஏரியைப் பார்க்கவேண்டும் என்பதையும் சேர்த்து எழுதினார். பேராசிரியரின் பயணம் அங்கே திருப்பப்பட்டது. நகராட்சிக்குப் போன தகவலில், தொழில்நுட்பக் காரணங்களால் குழாயைப் பழைய கோட்டிலேயே பதிக்கலாம் என்று மட்டும் இருந்தது. தொழில்நுட்பக் காரணம் என்றால் என்ன என்று நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. பத்திரிகை மறுப்பு எதையும் போடவில்லை. படம் போட்டதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. நிரந்தரம் பற்றிய காகிதம் இன்னும் மேலே போய்க்கொண்டே இருப்பதாகத்தான் கேள்வி.

மண்ணாங்கட்டி பெயரைச் செழியன் யாரிடமும் சொல்லவில்லை. அதை அவரிடமே சொல்லவும் செய்தார்: நீங்கள் மாற்றிச் சொன்னது நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும், அப்படியே இருக்கட்டும். ஆவணி மாதத்துப் பிரகடனம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது போலிருக்கிறது. ஆக, சாட்சிகள் மத்தியில் கல்வெட்டு கல்வெட்டாகவே நின்றது. மீசையைத் தொடவேண்டிய அவசியம் சட்டப்படி எதுவும் இல்லை.

தீபத்துக்குச் சில நாள்கள் முன்னால், காலையில், ஜோதியம்மாள் கடையில் வழக்கமான கூட்டம். சின்னசாமி இருந்தார், பொக்லைன் ஓட்டுநர் இருந்தார், ஆட்டோக்காரர்கள் இருந்தார்கள். வெள்ளைக்காரர் ஊருக்குப் போய்விட்டிருந்தார். சுவரில் சிவப்புப் பெருக்கல் குறி அப்படியே இருந்தது. அதன்மேல் அவள் தீபத்துக்குச் செருப்பு வைக்கும் கட்டண அட்டையை மாட்டியிருந்தாள். தெருமுனையில் குடையோடு யாரோ ஒல்லியான ஆள் திரும்பினார். அருகில் வரும்வரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

தலைமுடி அப்படியே இருந்தது. திருப்பதி போய் வந்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. தலையை விட்டுவிட்டு மீசையை மட்டும் கேட்கிற சாமி இந்தப் பக்கத்தில் கிடையாது. மேலுதடு, இத்தனை வருஷம் வெயில் படாமல், முகத்தின் மற்ற இடங்களைவிட இரண்டு சாயல் வெளுத்திருந்தது. சின்னசாமி எதையோ கேட்க வாயைத் திறந்தார். அப்புறம் குழியைப் பார்த்தார், தன் டீயைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார்.

மண்ணாங்கட்டி பையிலிருந்து நீல டோக்கனை எடுத்துக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். ஜோதியம்மாள் எண்ணைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். நாற்பத்தேழாம் ஆணியில் அதன் ஜோடியோடு மாட்டிவிட்டு, ஒரு டீ போட்டுக் கொடுத்தாள்.

அவர் குடித்தார். வழக்கப்படி புறங்கையால் மேலுதட்டை இரண்டு பக்கமும் துடைத்துவிட்டார். துடைக்க அங்கே எதுவும் இல்லை. பிறகு குடையை எடுத்துக்கொண்டு, பொக்லைன் கிளம்பும் சத்தம் கேட்டு, குழிப் பக்கம் போய் நின்றார்.